ஓர் அட்டைக்கு ஒரு பிள்ளை

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் பத்தாந் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் நாலே முக்கால் மணிக்கு என் அப்பா என் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தடிப் பூங்காவுக்கு நடக்கப் போனார். நான் படலைக்குள் நின்றேன். விறாந்தை மணிக்கூடு ஐந்துக்குப் பத்து நிமிடம் என்று காட்டியது. நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிடக் கூடாது என்பதற்காக அம்மா அதை எப்போதும் ஐந்து நிமிடம் முந்த வைத்திருப்பார். ஆகவே நேரத்தில் பிழை இல்லை.

என்னோடு படிக்கிற உங்களில் பலர் இப்போது அந்தப் பூங்காவுக்குப் போய்வருகிறீர்கள். சுற்றுப்பாதை முழுவதும் சமதரை என்றும், குளத்துக் காற்றில் ஒரு சுற்று வந்தால் பரீட்சைப் பயம் போய்விடும் என்றும் சொல்லி என்னையும் கூப்பிடுகிறீர்கள். நான் ஏதாவது சாட்டுச் சொல்லி நின்றுவிடுகிறேன். புத்தகத்தைவிட்டு எழும்பாதவள் என்று என்னைப் பற்றி ஒரு கதை இருப்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். நம் வயதுக்காரருக்கு ஒன்று ஞாபகம் இருக்கும்: அந்த நாட்களில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தனிச் சட்டம் இருந்தது. அந்தப் பூங்காவின் சட்டம் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

பூங்கா சமாதான காலத்தில் கட்டப்பட்டது. குளக்கட்டின்மேல் கிரவல் போட்ட பாதை, பாதையோரம் இருப்பதற்குச் சீமெந்து வாங்குகள், இரண்டு ஊஞ்சல்கள், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில், குளத்துப் பறவைகளின் படங்கள் வரைந்த ஒரு பலகை. கிரவல் சிவப்பு என்று சொல்வார்கள். வெயிலில் சிவப்புத்தான். மழை பெய்தபின் அது கரைத்த புளியின் நிறத்துக்கு வந்துவிடும். பலகையை எழுதியவர் ஒரு பிழை விட்டிருந்தார். கொக்கின் படத்துக்குக் கீழே நீர்க்காகம் என்றும், நீர்க்காகத்தின் படத்துக்குக் கீழே கொக்கு என்றும் இருந்தது. அப்பா ஒவ்வொரு நாளும் அதற்கு முன்னால் நின்று, புதிதாய்க் கண்டவர்போல, “பாவம், கொக்குக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லப் போல. அது தன்ட பாட்டுக்கு மீன் பிடிக்குது” என்பார். நான் ஒவ்வொரு நாளும் சிரிப்பேன்.

சண்டை மறுபடி தொடங்கியதும் பூங்கா வாசலில் மண்மூட்டை அடுக்கிய ஒரு சென்ரி, ஆமிக் காவலரண், வந்தது. பூங்காவை மூடவில்லை. நாலரையிலிருந்து ஆறு மணிவரை நடக்க விட்டார்கள். வருகிறவர் தம் அடையாள அட்டையைச் சென்ரியில் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும். வெளியே வரும்போது வாங்கிக்கொள்ளலாம். அட்டை இல்லாத பிள்ளைகளை எப்படிக் கணக்கில் வைப்பது? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் ‘ஓர் அட்டைக்கு ஒரு பிள்ளை’ என்ற சட்டம். பால்மா ரின்னை வெட்டி, ஓரத்தைத் தட்டி மழுக்கி, ஆணியால் இலக்கம் குத்திய தகரத் துண்டுகள் வைத்திருந்தார்கள். அட்டையை ஆணியில் கொழுவிவிட்டு, அதே இலக்கத் தகரத்தைச் சணல் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள். இரண்டு பிள்ளை உள்ளவர்கள் ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும்.

எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். ஆகவே அந்தச் சட்டத்தை நான் சட்டமாகவே நினைத்ததில்லை. அது எனக்காகச் செய்த ஏற்பாடு. அப்பாவுக்குச் சீனி வருத்தம். ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். துறைமுகப் பக்கத்துக் கந்தோரிலிருந்து வந்து, தேத்தண்ணீர் குடித்து, சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு படலையடியில் நின்று என்னைக் கூப்பிடுவார். என் பெயரைச் சொல்லி அல்ல. எனக்கு அவர் வைத்திருந்த இன்னொரு பெயர் இருந்தது. நான் கதைக்கப் பழகிய காலத்தில் என் வாயிலிருந்தே வந்த ஏதோ ஓர் ஓசை அது. அதை அவர் மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார். அம்மாகூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அந்தக் குரலுக்கு நான் ஓடுவேன். தகரம் மணிக்கட்டில் குளிரும். பிறகு என் சூட்டுக்கு வந்துவிடும். வாசல் மரத்தடியில் ஒருவர் வறுத்த கச்சான் கடலை விற்பார். பழைய பரீட்சைத்தாளில் சுருட்டிய ஒரு சுருள். அதில் எங்கள் இருவர் கையும் மாறி மாறிப் போகும். தூரத்தில், உள்துறைமுகத்தில், ஒரு கப்பல் ஊதும். எனக்கு அப்போது பதினொரு வயது. உலகத்தில் எனக்கு வேறு எதுவும் தேவைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

மச்சாள் தைப்பொங்கலுக்குப் பிறகு வந்தாள்.

அவள் அப்பாவின் அக்காவுடைய மகள். வெருகல் பக்கம் அவர்களுடைய ஊர். அப்பா பிறந்த ஊரும் அதுதான். ஷெல் அடியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்துவிட்டது. மாமி மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தார். மச்சாளை மட்டும் ஒரு மீன் லொறியின் முன் ஆசனத்தில் இருத்தி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அவளுடைய அப்பா முன்னமே இல்லை. அண்ணன் எங்கே என்று நான் கேட்டபோது அம்மா, “அவன் அங்கால போயிட்டான்” என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அதன் பிறகு அந்த அண்ணனைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.

வீட்டில் வெளியூர் ஆள் தங்கினால் பொலிஸில் பதியவேண்டும் என்பது என் வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்த காலம் அது. மச்சாளைப் பதியவில்லை. “பதியேலாது” என்று அப்பா குசினிக்குள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு விருந்தாளியைப் பதியாவிட்டால் அவள் கெதியாய்ப் போய்விடுவாள் என்று நானாக ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டேன்; அது எனக்குப் பிடித்திருந்தது.

அவள் போகவில்லை. என் கட்டிலில் பாதி அவளுக்குப் போனது. தலையணையில் மீன் மணக்கிறது என்று நான் சொன்னேன். அம்மா தலையணை உறையை முகர்ந்துபார்த்துவிட்டு, “இது உன்ட எண்ணெய் மணம்” என்றார். அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் உயரம். மீனைப் பார்த்தே அது ஆற்று மீனா குளத்து மீனா என்று சொல்வாள். ஆம்பல் தண்டை உடைத்து ஊதுவாள். இவற்றையெல்லாம் நான் மன்னித்திருக்கலாம். மன்னிக்க முடியாதது அப்பாவின் கதை. அவளோடு இருக்கும்போது அவர் வேறு மாதிரிக் கதைத்தார். எனக்குத் தெரியாத துறைகளின் பெயர்கள், எனக்குத் தெரியாத ஆட்களின் பட்டப்பெயர்கள். “அந்தக் கிழவன் இன்னும் தோணி ஓட்டுறானோ?” என்பார். “அவர் ஓட்டேல்ல மாமா, தோணிதான் அவரை ஓட்டுது” என்பாள் அவள். அப்பா தலையை அண்ணாந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கொக்குப் பலகைக்கு முன்னால் நான் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே சிரித்தவள் நான்தான்.

பெப்ரவரி மாதக் கடைசியில் அப்பா நடக்கப் போவதை நிறுத்தினார். காலில் சுளுக்கு என்றார். சுளுக்கோடு கந்தோருக்குப் போய்வந்தார். அதே கிழமையில் சென்ரியிலிருந்த பழைய ஆமிக்காரர் மாறிப் புதியவர்கள் வந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது பார்க்கையில், அப்பா என்னைத் தெரிந்த கண்கள் போய் எங்கள் ஒருவரையும் தெரியாத கண்கள் வரும்வரை காத்திருந்தார் என்று விளங்குகிறது.

அந்தச் சனிக்கிழமை சுளுக்கு மாறியது. அம்மா மச்சாளுக்கு என்னுடைய நீலச் சட்டையைப் போட்டுவிட்டார். வெள்ளைக் கொலர் வைத்த சட்டை. என்னுடைய சப்பாத்து. என் தலைமயிரைப் பிரிப்பதுபோலவே உச்சி எடுத்து, இரட்டைப் பின்னல்.

“அது என்ட சட்டை” என்றேன்.

“உன்ட சட்டையைத் தானே போட்டவள். உன்ட தோலை உரிச்சுப் போட்டவள் மாதிரிக் கத்துறாய்.”

“நானும் அப்பாவோட போறன்.”

“ஒரு ஐசிக்கு ஒரு பிள்ளை. உனக்குத் தெரியாதே?”

“அப்ப நான் போறன். அவள் நிக்கட்டும்.”

“அவள் பாவம் பிள்ளை. வந்த நாள் துவக்கம் நாலு சுவருக்குள்ள கிடக்கிறாள். நீ பள்ளிக்கூடம் போறாய், ரியூசன் போறாய்.”

“அப்ப நீங்க உங்கட ஐசியில என்னைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“ஆமிக்காரன்ட கையில ஐசியைக் குடுத்திட்டு உலாத்துறதுக்கு எனக்கென்ன விசரே?” என்று அம்மா சீப்பிலிருந்த மயிரைச் சுருட்டி எறிந்தார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் நான் படலையடியில் நின்று கவனித்தேன். ஒழுங்கை திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இருளும் முன் வந்தார்கள். அவளுடைய மணிக்கட்டில் சணல் கயிற்றின் தடம் இருந்தது. அவள் பரீட்சைத்தாள் சுருளை நீட்டினாள்.

“இந்தா, உனக்கெண்டு பாதி வைச்சனான்.”

“எனக்கு வேண்டாம்.”

“அப்ப நான் தின்னட்டே?”

“தின்.”

அவள் தின்றாள். இன்னொரு முறை கேட்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

அது ஒருநாளோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் என் சட்டைகளில் ஒன்று படலையைத் திறந்துகொண்டு போய் வந்தது. சனிக்கிழமை அவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்று பங்கு போடும்படி நான் கேட்டேன். அப்பா, “கொஞ்ச நாளைக்குப் பொறு பிள்ளை” என்றார். எதற்குப் பொறுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது சொல்லிவிடுவேன் என்று பெரியவர்கள் பயந்திருக்கிறார்கள். அந்த வயதிலும் நான் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்பது என் ரிப்போட்டில் ஒவ்வொரு தவணையும் எழுதியிருக்கும். அவர்கள் அதைப் படித்துக் கையெழுத்தும் வைத்தவர்கள்.

ஒருநாள் காலை அம்மா குசினியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் எழும்பினேன். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மச்சாளும் நிமிர்ந்து, “ஓம்” என்றாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு வாளிக்குள் குனிந்துகொண்டாள்.

என் பெயருக்கு அவள் ஏன் ஓம் சொல்கிறாள்? அப்பா பூங்காவில் என் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுகிறார். வேறு காரணம் இருக்க முடியாது. அன்று முழுவதும் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சட்டை, சப்பாத்து, தகரம், பெயர். இனி மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அந்த மற்றப் பெயரையும் அவளுக்குக் கொடுத்துவிட்டாரா? என் பொறாமை முழுவதும் ஒடுங்கி அந்த ஒரு கேள்விக்குள் வந்து நின்றது. அதைக் கேட்டறிய ஒரு வழிதான் இருந்தது. போய்க் கேட்கவேண்டும், என் காதால்.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். கலியாணம் செய்யாதவர். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து என்னைத் தெரிந்தவர். வெயில் தாழ்ந்த பிறகும் குடை பிடித்துக்கொண்டு பூங்காவில் நடப்பார். பொய் சொல்லும் பிள்ளைகளை வகுப்பு வாசலில் முழங்காலில் இருத்துவதற்குப் பேர்போனவர். ஒரு வெள்ளிக்கிழமை, அப்பாவும் மச்சாளும் போனதும், அம்மா குளிக்கும் நேரம் பார்த்து, டீச்சரின் படலையில் போய் நின்றேன்.

“டீச்சர், உங்கட ஐசி சும்மாதானே போகுது?”

“என்ன கதை இது?”

“ஒரு ஐசிக்கு ஒரு பிள்ளை. உங்களோட பிள்ளை ஒண்டும் போறேல்ல.”

டீச்சர் குடையை விரிப்பதை நிறுத்தினார். பிறகு, “வாயைப் பார் வாயை” என்று சிரித்தார். “அம்மாட்டக் கேட்டனீரோ?”

“ஓம்.”

“அப்ப வாரும்.”

சென்ரியில் நின்றவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தான். தகரம் கட்டினான். உள்ளே போனதும் நான் டீச்சரைவிட்டு முன்னால் நடந்தேன். குளம் நிறைந்து கிடந்தது. பாதைக்குக் குறுக்கே, எங்கள் ஊருக்குள் மாடுபோலத் திரியும் மான்களில் இரண்டு, கச்சான் சுருள் தாளைத் தின்றுகொண்டு நின்றன. துருசடியில், பறவைப் பலகைக்குப் பக்கத்து வாங்கில், அப்பாவின் முதுகும் என் நீலச் சட்டையின் முதுகும் தெரிந்தன. நான் மருத மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அப்பா அவளை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முழுப் பெயர்; பள்ளிக்கூட இடாப்பில் உள்ள பெயர். ஆசிரியர் இடாப்புக் கூப்பிடுவதுபோல ஒவ்வோர் எழுத்தையும் சத்தமாய். “தண்ணிக்குக் கிட்டப் போகாதை” என்பதற்கு முன் ஒரு தடவை. “கால் நோகுதோ” என்பதற்குப் பின் ஒரு தடவை. யாரும் ஒரு பிள்ளையோடு இவ்வளவு பெயர் சொல்லிக் கதைப்பதில்லை. மற்றப் பெயரை அவர் சொல்லவில்லை. நான் காத்து நின்றேன். சொல்லவே இல்லை. மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு நின்ற என் விரல்கள் தளர்ந்தன.

“இஞ்ச ஒளிச்சு நிண்டு என்ன செய்யிறீர்?” என்றார் டீச்சர், எனக்குப் பின்னால், வகுப்பில் கதைக்கும் குரலில்.

அப்பா திரும்பினார். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அதில் இருந்தது பயம். அது என்னைப் பார்த்து வந்த பயமல்ல என்பது அவர் கண் போன இடத்தில் தெரிந்தது. கட்டின் வழியே கோப்ரல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். சென்ரிக்குப் புதிதாய் வந்தவர்களில் அவன்தான் பெரியவன். எங்கள் பகுதியில் வீடு வீடாய் ஆட்களைப் பார்க்க வருகிறவனும் அவன்தான்.

அவன் ஒரு காலை ஊன்றி நின்றான். சிரித்தான். “ஐயா, இண்டைக்கு ரெண்டு பிள்ளை. ஒரு ஐசி, ஒரு பிள்ளை, என்ன?”

“இல்லை, இல்லை, இது என்ட ஐசியில வந்தது” என்று டீச்சர் என் மணிக்கட்டைத் தூக்கித் தகரத்தைக் காட்டினார்.

“டீச்சர் மகள்?”

“என்ட மகள் இல்லை. இது இந்த ஐயாட—”

“அக்காட மகள்” என்றார் அப்பா. எழும்பிவிட்டிருந்தார். “என்ட அக்காட மகள். பாலையூத்தில இருக்கிறவை. சனி ஞாயிறு நிக்க வந்தவள்.”

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நீலச் சட்டையைப் பார்த்தார். பிறகு, “ஓம் ஓம். பாலையூத்துப் பிள்ளை” என்றார் பொய்க்கு முழங்காலில் இருத்துகிறவர்.

கோப்ரல் மச்சாளைக் காட்டினான். “அப்ப இது?”

“இது மகள்” என்று அப்பா தன் கையை அவள் தலையில் வைத்தார்.

கோப்ரல் சைக்கிள் கைபிடியில் சாய்ந்து என் உயரத்துக்குக் குனிந்தான். அவன் குரலில் கடுமை இல்லை; தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொன்னான். “நங்கி, இந்த ஐயா உனக்கு யாரு?”

நான் அந்தக் கையைப் பார்த்தேன். நகம் வெட்டிய, சுட்டுவிரலில் மைக்கறை படிந்த, இரண்டு வருடமாய் ஒவ்வொரு பின்னேரமும் நான் பிடித்து நடந்த கை. அது அவளுடைய உச்சியில், அம்மா எனக்கு எடுப்பதுபோல எடுத்த உச்சியில், இருந்தது. மகள் வேண்டாம் என்றால் எனக்கும் அப்பா வேண்டாம். இதுதான், இதே வாக்கியமாக, என் மனத்தில் ஓடியது.

“மாமா” என்றேன்.

“ஆ?”

“மாமா. என்ட மாமா.”

“பேர்?”

என் பெயரை அவள் வைத்திருந்தாள். மிச்சமாய்க் கிடந்தது அவளுடையது. அதைச் சொன்னேன்.

கோப்ரல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “ஒரே மூக்கு” என்றான், தனக்கு ஏதோ கணக்குச் சரிவந்ததுபோல. அப்பாவுக்குத் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போனான். சக்கரத்துக்குக் கீழே கிரவல் நொறுங்கும் சத்தம் தேய்ந்தது. டீச்சர் குடையை மடக்கினார், திரும்ப விரித்தார்.

திரும்பும்போது தகரத்தின்படிதான் நடக்கவேண்டும். அப்பா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நான் டீச்சரோடு பின்னால் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். “இவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கு” என்று அம்மாவிடம் சொன்னார். “நாங்கள்தான் சின்னப்பிள்ளையெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள். என்ன மாதிரிச் சொன்னாள் தெரியுமே? ஒரு சொட்டுத் தடுமாற்றம் இல்லை. மாமாவாம்! பேரையும் மாத்திச் சொன்னாளே!”

அம்மா என்னை அணைத்துக்கொண்டு அழுதார். அழுகையோடு, எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவர் நினைத்த எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போனார். அவளை எந்த ஊர் என்று பதிந்தால், இயக்கத்துக்குப் போன அண்ணனைப் பற்றிக் கேட்பார்கள். ஒருக்கா விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனால், அந்த வயதுப் பெட்டையை—. வீடு பார்க்க வரும்போது மகள் என்று நம்பவேண்டும் என்றால், அதற்கு முன்னமே அவளை ஊர் பார்க்க மகளாய் நடத்திக் காட்டவேண்டும். அதற்குத்தான் பூங்கா.

“உனக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு” என்றார் அம்மா. “நீ ஆரின்ட பிள்ளையெண்டு சொன்னாலும் உன்னை ஒருத்தரும் கொண்டுபோக மாட்டினம். அவளுக்கு அந்த மனுசன்ட கை மட்டும்தானே இருக்கு.”

அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். அந்தப் பெயரைச் சொல்லி. நான் போனேன். “கெட்டிக்காரி” என்றார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றும் வீட்டுக்கு யாராவது வந்தால், பதினொரு வயதில் என் மகளுக்கு இருந்த புத்தியைக் கேளுங்கோ என்று அப்பா தொடங்குவார். நான் குசினிக்குள் போய்விடுவேன்.

ஒருத்தி மட்டும் ஏமாறவில்லை. கிணற்றடியில் கால் கழுவும்போது மச்சாள் கேட்டாள்:

“நீ எனக்காகச் சொல்லேல்ல, என்ன?”

“இல்லை.”

“மாமாவில கோவம்.”

“ஓம்.”

அவள் மற்றக் காலில் தண்ணீரை ஊற்றினாள். “எனக்கும் உன்னில கோவம்தான்.”

“உனக்கென்னத்துக்கு? எல்லாம் உன்னட்டத்தானே இருக்கு.”

“படலைக்கு வெளியில மட்டும்தான்” என்றாள். “உள்ளுக்கு வந்தோடன அவர் என்ட கையை விட்டிடுவார். நான் பாக்கிறனான். படலைக் கொளுக்கியைப் போடுறதுக்கு எண்டு விடுவார், பேந்து பிடிக்க மாட்டார்.”

எங்கள் வீட்டில் பொறாமைப்பட எனக்கு மட்டுமே உரிமை இருக்கிறது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அவளுடையது என்னுடையதைவிட நுட்பமானது. கொளுக்கியை நான் கவனித்ததே இல்லை.

அந்த வருடம் முடிவதற்குள் மாமி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அவள் என் பெயரில் அந்தப் பாதையில் நடந்தாள். வீடு பார்க்க வந்தவர்கள் இரண்டு முறையும் அவளைத் தெரிந்த பிள்ளையாய்ப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் சில நாள் டீச்சரின் அட்டையில் போனேன், மருமகளாக, பின்னால். பலகைக்கு முன்னால் அப்பா நின்று கொக்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கேட்கும் தூரம் இருந்தது; சிரிக்கும் தூரம் இருக்கவில்லை. நீங்கள் கூப்பிடும்போது நான் வராததற்கு இதுதான் காரணம். அந்தப் பூங்காவில் நான் யாருடைய மகளும் அல்ல.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாட் காலையைப் பற்றி. அது சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். நான் மச்சாளைக் குசினிப் படியில் இருத்தி, அவளுக்குப் பின்னால் சீப்போடு இருந்துகொண்டேன். கோப்ரல் இனிக் கேட்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். என் பிறந்த திகதி. என் பள்ளிக்கூடம். என் வகுப்பு டீச்சர் வைத்திருக்கும் குடையின் நிறம். என் முழங்காலில் உள்ள தழும்பு எந்த ஊஞ்சலில் விழுந்து வந்தது என்பது. “அப்ப எனக்குத் தழும்பு இல்லையே” என்றாள். “சட்டையைக் கீழ இழுத்துவிடு” என்றேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். பிழைவிட்டால் தோளில் சீப்பால் தட்டினேன்.

எல்லாம் முடிந்ததும் அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள். “மாமா உன்னைக் கூப்பிடுற மற்றப் பேர். அதுக்கும் நான் ஓம் சொல்ல வேணுமே? ஆமி கேட்டால்?”

“அதை ஆமி கேக்க மாட்டான்.”

“கேட்டால்?”

“கேக்க மாட்டான்” என்றேன். அவளுடைய தலைமயிரை மூன்றாய்ப் பிரித்து, என்னுடையதைப்போலவே, தேவையானதைவிடக் கொஞ்சம் இறுக்கிப் பின்னினேன். நோகிறது என்று அவள் சொல்லவில்லை.